கொஞ்சம் சத்தம் போடட்டும்

பழைய புல்லட் வைத்திருப்பவர்கள் மெக்கானிக்கிடம் சொல்லும் புகார்களில் முதலிடம் ஆயில் ஒழுகலுக்கு. அடுத்த இடம் டேப்பட் சத்தத்துக்கு. முதலாவதற்குப் பெரும்பாலும் மருந்து கிடையாது. இரண்டாவதற்கு உண்டு, மூன்று ஸ்பேனர் இருந்தால் போதும். ஆனால் விவரம் தெரிந்த மெக்கானிக் அந்த மருந்தை எடுத்த எடுப்பிலேயே கொடுத்துவிட மாட்டார். எஞ்சினை ஓடவிட்டுக் காதைச் சாய்த்துக் கேட்பார். "இந்தச் சத்தம் இருக்கட்டும் சார்" என்பார். அமைதியைக் காசு கொடுத்து வாங்க வந்தவருக்கு முகம் சுருங்கிப்போகும்.

மெக்கானிக் சொல்வதுதான் சரி. அது ஏன் சரி என்பது இரும்பும் அலுமினியமும் சூட்டில் எவ்வளவு நீளும் என்ற கணக்கில் இருக்கிறது.

பழைய புல்லட் என்று இங்கே சொல்வது வார்ப்பிரும்பு சிலிண்டர் கொண்ட 350ஐ. அந்த எஞ்சின் இங்கிலாந்தில் ரெட்டிச் நகரத்தில் உருவானது. 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸ், ராயல் என்ஃபீல்டுடன் கூட்டுச் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கியது. திருவொற்றியூரில் ஆலை எழுந்தது. முதலில் கப்பலில் வந்த பாகங்களைப் பூட்டினார்கள்; பிறகு பாகங்களையே இங்கு செய்தார்கள். ரெட்டிச் ஆலை 1967இல் மூடப்பட்டது. 1970இல் இங்கிலாந்தில் தாய் நிறுவனத்தின் கதையே முடிந்தது. திருவொற்றியூரில் மட்டும் அதே எஞ்சினை, பெரிதாக எதையும் மாற்றாமல், அடுத்த நூற்றாண்டு வரை செய்துகொண்டிருந்தார்கள். சிலிண்டர் விட்டம் 70 மில்லிமீட்டர், பிஸ்டன் ஓட்டம் 90 மில்லிமீட்டர், கொள்ளளவு 346 சி.சி., திறன் 18 குதிரை. 2008 வாக்கில் வந்த யூ.சி.ஈ. எஞ்சினில் ஹைட்ராலிக் டேப்பட் புகுந்தது. அதில் ஆயில் அழுத்தமே இடைவெளியைத் தானாக நிரப்பிக்கொள்ளும். அந்த வண்டிக்காரர்களுக்கு நாம் பேசப்போகும் கவலை கிடையாது. அதிலுள்ள சுவையும் கிடையாது.

வார்ப்பிரும்பு எஞ்சினில் வால்வைத் திறக்கும் வேலை கைமாறிக் கைமாறிப் போகிறது. கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஒரு சுற்று சுற்றும். கேமின் மேடு டேப்பட்டைத் தூக்கும். டேப்பட் தன்மேல் நிற்கும் புஷ்ராடைத் தள்ளும். புஷ்ராடு சிலிண்டரின் பக்கவாட்டில் உள்ள குகை வழியாக மேலே போய் ராக்கரின் ஒரு முனையை உயர்த்தும். ராக்கரின் மறுமுனை தாழ்ந்து, வால்வின் தண்டை அமுக்கும். ஸ்பிரிங் அதைத் திருப்பி மூடும். உள்ளே இழுக்கும் வால்வுக்கு ஒரு வரிசை, புகை வெளியேறும் வால்வுக்கு இன்னொரு வரிசை. நிமிடத்துக்கு 3000 சுற்றில் எஞ்சின் ஓடினால் ஒவ்வொரு வால்வும் வினாடிக்கு 25 முறை திறந்து மூடுகிறது.

இந்தச் சங்கிலியில் எங்கேயாவது சிறிது தளர்வு இருக்க வேண்டும். வால்வு முழுதாக மூடும் தருணத்தில் அதை யாரும் அமுக்கிக்கொண்டு இருக்கக் கூடாது. கேம் சுற்றி வந்து அந்தத் தளர்வை விழுங்கும்போது உலோகம் உலோகத்தைத் தொடுகிறது அல்லவா, அதுதான் நமக்குக் கேட்கும் டிக்டிக். கேமின் மேடு சட்டென்று எழாமல் மெல்லிய சரிவோடு தொடங்குவது இந்தத் தொடுதலை மென்மையாக்கத்தான். தளர்வு அளவோடு இருந்தால் சரிவிலேயே தொட்டுவிடும். அதிகமானால் சரிவைத் தாண்டி, வேகம் பிடித்த பிறகு மோதும். சத்தம் தையல் மெஷினிலிருந்து தகரக் கொட்டகைக்கு மாறும்.

எவ்வளவு தளர்வு வேண்டும்? மற்ற பல வண்டிகளில் இதற்கு மில்லிமீட்டரில் ஓர் எண் உண்டு. ஃபீலர் கேஜை நுழைத்து அளப்பார்கள். பழைய புல்லட்டில் கேஜ் தேவைப்படாது. எஞ்சின் நன்றாக ஆறியிருக்கும்போது புஷ்ராடை இரண்டு விரலால் உருட்ட வேண்டும். தடையில்லாமல் உருள வேண்டும். ஆனால் மேலும் கீழும் ஆடக் கூடாது. அவ்வளவுதான். ஏறக்குறைய பூஜ்ஜிய இடைவெளி. புதிதாகக் கேட்பவருக்கு இது ஆபத்தாகப்படும். சூடானால் எல்லாம் நீளுமே, பூஜ்ஜியத்தில் வைத்தால் இறுகிவிடாதா?

இந்தக் கேள்விக்குள்தான் அந்த எஞ்சினை வடிவமைத்தவர்களின் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது. சிலிண்டர் வார்ப்பிரும்பு, அதன் மேலுள்ள ஹெட் அலுமினியக் கலவை. சூடானதும் சிலிண்டர் உயர்கிறது. உயர்ந்தால் ஹெட்டும் ராக்கரும் கேமை விட்டு விலகிப் போகின்றன. அதாவது சூடு, இடைவெளியைக் கூட்டப் பார்க்கிறது! புஷ்ராடும் சேர்ந்து நீண்டால்தான் அது ஈடாகும். ஆனால் புஷ்ராடு, தீ எரியும் அறையிலிருந்து தள்ளி, ஆயில் தெறிக்கும் குகைக்குள் நிற்கிறது. சிலிண்டர் அளவுக்கு அது சூடாவதில்லை. குறைந்த சூட்டில் அதிகம் நீள வேண்டும் என்றால் எதில் செய்வது? அலுமினியத்தில்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு டிகிரி சூடு ஏறினால் வார்ப்பிரும்பு தன் நீளத்தில் பத்து லட்சத்தில் சுமார் 11 பங்கு நீளும். அலுமினியம் சுமார் 23 பங்கு. எடுத்துக்காட்டாக, சிலிண்டர் 100 டிகிரி சூடேறுகிறது, புஷ்ராடு 50 டிகிரிதான் ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். 100 மில்லிமீட்டர் நீளத்துக்குச் சிலிண்டர் 0.11 மில்லிமீட்டர் வளரும். அலுமினியப் புஷ்ராடு 0.115 மில்லிமீட்டர் வளரும். ஏறக்குறைய ஒன்றாகவே ஓடுகின்றன. அதே இடத்தில் எஃகுப் புஷ்ராடு இருந்தால் 0.06தான் வளரும், சூடேற ஏறத் தளர்வு கூடிக்கொண்டே போகும். உறுதிக்காக எஃகுப் புஷ்ராடு மாற்றிக்கொள்பவர்கள் காலையில் அமைதியாகக் கிளம்பி, பத்துக் கிலோமீட்டரில் சத்தத்தோடு போவது இதனால்தான். வலு வேண்டிய இடத்தில் ஏன் மெத்தென்ற உலோகம் என்று அவர்கள் நினைக்கிறார்கள். ஆனால் தேய்மானம் படும் இரண்டு முனைகளிலும் வடிவமைத்தவர்கள் கடினமான எஃகைத்தான் வைத்திருக்கிறார்கள். நடுத்தண்டு மட்டும் அலுமினியம். எடையும் எஃகில் மூன்றில் ஒரு பங்குதான்.

எல்லாக் கணக்கும் நமக்குச் சாதகமாகவே இருந்துவிடுவதில்லை. வால்வின் தண்டும் சூட்டில் நீள்கிறது. அது இடைவெளியைக் குறைக்கும் பக்கம். உள்ளிழுக்கும் வால்வின் மேல் ஒவ்வொரு முறையும் குளிர்ந்த பெட்ரோல் கலவை ஓடுவதால் அதற்குப் பெரிய சூடில்லை. எக்ஸாஸ்ட் வால்வின் நிலை வேறு. எரிந்து முடிந்த வாயு முழுவதும் அதை உரசிக்கொண்டுதான் வெளியே போகிறது. வண்டி கடுமையாக உழைக்கும்போது அதன் தலை செந்நிறமாகக் கனலும். 700 டிகிரி செல்சியஸ் அதற்குச் சாதாரணம். அதனால் அனுபவமுள்ளவர்கள் எக்ஸாஸ்ட் பக்கப் புஷ்ராடை மயிரிழை கூடுதல் தாராளத்தோடு விடுவார்கள்.

அவ்வளவு சூட்டில் அது உருகாமல் பிழைப்பது மூடியிருக்கும் நேரத்தால்தான். வால்வின் விளிம்பு ஹெட்டில் உள்ள சீட்டில் 45 டிகிரிச் சரிவில் உட்கார்கிறது. வால்வின் தலை வாங்கிய சூட்டில் பெரும்பகுதி அந்தக் குறுகிய வளையத்தின் வழியாகத்தான் ஹெட்டுக்குள் இறங்குகிறது. மீதியில் பெரும்பகுதி தண்டைச் சுற்றியுள்ள கைடு வழியாக. நிமிடத்துக்கு 3000 சுற்றில் ஒரு முழுச் சுழற்சிக்கு 40 மில்லி வினாடி. அதில் ஏறத்தாழ 24 மில்லி வினாடி எக்ஸாஸ்ட் வால்வு மூடியிருக்கும். அந்த நேரத்துக்குள் சூட்டை இறக்கியாக வேண்டும். சத்தம் பிடிக்கவில்லை என்று இடைவெளியை இறுக்கிவிட்டால், வால்வு சீட்டைத் தொடாமல் மயிரிழை தூக்கலாகவே நிற்கும். சூடு இறங்க வழியில்லை. அதோடு, எரியும் வாயு அந்த மயிரிழை வழியாகப் பீறிட்டு விளிம்பை அரிக்கத் தொடங்கும். அரித்த இடத்தில் கசிவு இன்னும் கூடும். கசிவு கூடினால் சூடு கூடும். சில நூறு கிலோமீட்டரில் வால்வு போய்விடும். இவ்வளவும் நடக்கும்போது வண்டி கேட்பதற்கு இனிமையாகவே ஓடும் என்பதுதான் கொடுமை.

தேய்மானம் எந்தத் திசையில் போகிறது என்பதையும் பார்க்க வேண்டும். கேம், டேப்பட், புஷ்ராடு முனை, ராக்கர் ஆகியவை தேயத் தேய இடைவெளி கூடும், சத்தமும் கூடும், நமக்குத் தெரிந்துவிடும். சீட் தேய்ந்தால் நடப்பது தலைகீழ். வால்வு ஹெட்டுக்குள் மேலே ஏறி உட்கார்கிறது, தண்டின் நுனி ராக்கரை நெருங்குகிறது, இடைவெளி குறைகிறது, சத்தம் அடங்குகிறது. சென்ற வருடம் சத்தம் போட்ட எஞ்சின் இந்த வருடம் தானாக அமைதியாகிவிட்டது என்றால் உரிமையாளர் மகிழ்வார். மெக்கானிக் ஸ்பேனரைத் தேடுவார்.

சீட் தேய்மானம் என்றதும் ஈயத்தின் பேச்சு வந்துவிடும். 1921இல் அமெரிக்காவில் தாமஸ் மிட்ஜ்லி, ஈயச் சேர்மம் கலந்தால் பெட்ரோல் எஞ்சினில் தட்டாது என்று கண்டார். அந்த ஈயம் எரிந்து சீட்டின்மேல் மெல்லிய படலமாகப் படிந்தது. கனலும் வால்வும் சீட்டும் துளித்துளியாக ஒட்டிப் பிய்ந்து வராமல் அந்தப் படலம் காத்தது. அதே ஈயம் காற்றில் கலந்து குழந்தைகளின் மூளையைப் பாதித்தது. இந்தியாவில் 2000 பிப்ரவரி முதல் நாடு முழுவதும் ஈயமில்லாப் பெட்ரோல்தான். பழைய எஞ்சின்களின் சீட் எல்லாம் போய்விடும் என்று அப்போது எழுந்த பயம், புல்லட்டைப் பொறுத்தவரை மிகை என்றே எனக்குப் படுகிறது. ஒட்டிப் பிய்யும் தேய்மானம் உச்ச வேகத்தில் மணிக்கணக்காக விரட்டும் எஞ்சின்களில்தான் வேகமாக நடக்கும். 18 குதிரைத்திறனோடு ஐம்பது அறுபதில் உருண்டுபோகும் வண்டிக்கு அந்தச் சோதனை அரிது. ஆனாலும் அவ்வப்போது புஷ்ராடை உருட்டிப் பார்ப்பதற்கு இது இன்னொரு காரணம்.

வால்வு கசிகிறதா என்று ஹெட்டைக் கழற்றாமலே ஓரளவு அறியலாம். சுவிட்சைப் போடாமல் கிக்கரின் மேல் ஏறி நில்லுங்கள். எஞ்சின் நன்றாக இருந்தால் கிக்கர் உங்கள் எடையைத் தாங்கி நின்று, பிறகு மெல்ல இறங்கும். வழுக்கென்று இறங்கினால் காற்று எங்கோ போகிறது. சைலன்சர் முனையில் சீறல் கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வு. கார்புரேட்டர் வாயில் கேட்டால் உள்ளிழுக்கும் வால்வு. ஆயில் ஊற்றும் துளையில் கேட்டால் பிஸ்டன் ரிங்.

கசிவது வால்வு என்றால் ஹெட்டைக் கழற்றத்தான் வேண்டும். கழற்றுவது பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை, ஒன்றைத் தவிர. ராக்கரைத் தாங்கும் கட்டைகள் மேல்பாதி கீழ்பாதியாக ஜோடி சேர்த்துத் துளையிடப்பட்டவை. ஒன்றின் பாதியை இன்னொன்றோடு மாற்றிப் பூட்டினால் ராக்கர் இறுகும், அல்லது ஆயில் துளை அடைபடும். கழற்றும்போதே அடையாளம் இட்டுத் தனித்தனியே வைப்பவர் பாதி வேலையை முடித்துவிட்டார்.

ஹெட்டைக் கழற்றியதும் வால்வு ஸ்பிரிங்கை அமுக்கினால், தண்டின் பள்ளத்தில் இருக்கும் இரண்டு வால்வு லாக்குகள் வெளியே வரும். ஒரு வால்வைப் பிடித்துவைத்திருப்பது விரல் நகத்தளவு உள்ள இந்த இரண்டு துண்டுகள்தான். வெளிப்பக்கம் சரிவாகக் கடைந்திருப்பார்கள். மண்வெட்டிக் காம்பில் ஆப்பு ஏறுவதுபோல, ஸ்பிரிங் எவ்வளவு தள்ளுகிறதோ அவ்வளவுக்குத் தண்டை இறுக்கிப் பிடிக்கும். தண்டின் பள்ளமோ லாக்கோ தேய்ந்திருந்தால் தயங்காமல் புதிது போட வேண்டும். இது கழன்றால் வால்வு பிஸ்டன்மேல் விழும். பிறகு வால்வைப் பற்றிக் கவலைப்பட வேண்டியிருக்காது.

ஸ்பிரிங் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு. ஒன்று உடைந்தால் மற்றது தாங்கும் என்பது ஒரு காரணம். ஒவ்வொரு ஸ்பிரிங்குக்கும் தன் இயல்பான அதிர்வெண் உண்டு என்பது நுட்பமான காரணம். கேமின் தாளம் அதோடு ஒத்துப்போனால் ஸ்பிரிங் அலையடிக்கத் தொடங்கும். வால்வு சொன்ன நேரத்தில் மூடாது. வேறு வேறு கனமுள்ள இரண்டு ஸ்பிரிங் ஒரே வேகத்தில் சேர்ந்து அலையடிப்பதில்லை.

வால்வை எடுத்துக் கைடுக்குள் நுழைத்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். லொடலொடவென்று ஆடினால் முதலில் கைடை மாற்ற வேண்டும். அதை விட்டுவிட்டுச் சீட்டைத் தேய்ப்பது வீண். ஆடும் கைடில் வால்வு ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் உட்காரும். எவ்வளவு அழகாகத் தேய்த்தாலும் சில நாளில் வட்டம் கெட்டுவிடும். கைடு மாற்றினால் சீட்டைப் புதிய மையத்துக்கு ஏற்ப வெட்ட வேண்டும். அது லேத் பட்டறை வேலை.

கைடு சரி என்றால் லேப்பிங். கிரைண்டிங் பேஸ்டை வால்வின் சரிவில் பொட்டுப் பொட்டாக வைத்து, சீட்டில் அழுத்தி, முன்னும் பின்னும் அரைச்சுற்று அரைச்சுற்றாகத் திருப்ப வேண்டும். சில திருப்பலுக்கு ஒருமுறை தூக்கி, இடம் மாற்றி உட்காரவைக்க வேண்டும். ஒரே திசையில் சுற்றினால் வட்டக் கோடு விழும். அந்தக் கோடே கசிவுக்கு வழி. முதலில் கரகரவென்று கேட்கும். துகள் உடைந்து பொடியாகப் பொடியாகச் சத்தம் மென்மையாகும். துடைத்துப் பார்த்தால் வால்விலும் சீட்டிலும் அறுபடாத சாம்பல் நிற வளையம் தெரிய வேண்டும். டிரில் மெஷினில் மாட்டிச் சுற்றும் வழக்கம் சில பட்டறைகளில் உண்டு. நேரம் மிச்சம், சீட் நட்டம். வளையம் அகலமாகிவிட்டால் அழுத்தம் பரவிப்போய் அடைப்பு குறையும். மிகக் குறுகினாலோ சூடு இறங்க வழி போதாது.

பேஸ்டின் துகள் ஒன்றுகூட மிஞ்சக் கூடாது. கைடுக்குள் தங்கிவிட்டால் அது அங்கேயும் லேப்பிங் செய்துகொண்டே இருக்கும். மண்ணெண்ணெயில் கழுவி, சோப்புத் தண்ணீரில் கழுவி, உலர்த்தி, தண்டுக்கு ஆயில் தடவி, ஸ்பிரிங்கும் லாக்கும் போட்டபின் ஹெட்டைச் சாய்த்து, துவாரம் வழியாக மண்ணெண்ணெய் ஊற்றுங்கள். சீட்டைச் சுற்றி ஈரம் கசியாமல் சில நிமிடம் நின்றால் பூட்டலாம்.

ஹெட்டை ஏற்றும்முன் புஷ்ராடு அட்ஜஸ்டர் இரண்டையும் நன்றாகத் தளர்த்திவிட வேண்டும். இல்லாவிட்டால் ராக்கர் கட்டையை இறுக்கும்போதே வால்வு திறந்துகொள்ளும். நட்டு இறுகியதா, ஸ்பிரிங் எதிர்க்கிறதா என்று தெரியாது. நட்டுகளைக் குறுக்கு மறுக்காக, சிறிது சிறிதாக இறுக்க வேண்டும். கட்டையை இறுக்கி முடித்ததும் ராக்கரைக் கையால் ஆட்டிப் பார்த்துவிடுவது நல்லது.

இனி புஷ்ராடின் இடைவெளியைச் சரிசெய்யும் பத்து நிமிட வேலை. சிலிண்டரின் அடியில் வலப்பக்கம் ஒரே நட்டில் நிற்கும் சிறு மூடியைக் கழற்றினால் இரண்டு புஷ்ராடின் கீழ்முனையும் தெரியும். பிஸ்டன் உச்சியில் இருக்க வேண்டும். வால்வு இரண்டும் மூடியிருக்க வேண்டும். நான்கு ஓட்டத்தில் பிஸ்டன் இருமுறை உச்சிக்கு வருகிறது. ஒருமுறை அமுக்கத்தின் முடிவில். இன்னொரு முறை புகை வெளியேறி முடியும்போது. இரண்டாவதில் வால்வு இரண்டும் சிறிது திறந்திருக்கும். அங்கே வைத்து அட்ஜஸ்ட் செய்தால் வண்டி தகரக் கடையாகிவிடும். சரியான உச்சியைக் காட்டப் பழைய புல்லட்டிலேயே ஒரு கருவி உண்டு: அம்மீட்டர். தீப்பொறிக்கான மின்சாரத்தைத் துண்டிக்கும் பாயிண்ட் உள்ள வண்டியில் சுவிட்சைப் போட்டுக் கிக்கரை மெல்ல நகர்த்தினால், முள் மின்செலவு காட்டிக்கொண்டிருந்து, பாயிண்ட் திறந்ததும் சட்டென்று நடுவுக்கு வரும். பாயிண்ட் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் திறக்கும். அதுவும் அமுக்கத்தின் உச்சியை ஒட்டித்தான். கிக் அடிக்குமுன், சிலிண்டரின் அமுக்கத்தை வெளியேற்றும் டிகம்ப்ரஷரைப் பிடித்துக்கொண்டு இந்த முள்ளைப் பார்த்தே ஒரு தலைமுறை வண்டியைக் கிளப்பியது.

கீழ்முனையில் அடுக்காக மூன்று அறுகோணம் இருக்கும். நடுவில் இருப்பது லாக் நட். அதைத் தளர்த்தி, ஒன்றைப் பிடித்து மற்றொன்றைத் திருப்பிப் புஷ்ராடை நீட்டலாம், குறைக்கலாம். ஒரு கையில் இரண்டு ஸ்பேனர், மறு கையில் ஒன்று. விரலால் உருட்டிக்கொண்டே நீட்டி, மேல்கீழ் ஆட்டம் மறையும் இடத்தில் நிறுத்த வேண்டும். எரிச்சலூட்டும் பகுதி இனிமேல்தான்: லாக் நட்டை இறுக்கும்போது மரையில் இருக்கும் தளர்வை அது இழுத்துக்கொள்ளும், நீங்கள் வைத்த அளவு மாறிவிடும். இறுக்கியபின் உருட்டிப் பார்க்காத அட்ஜஸ்ட்மென்ட் எதுவும் அட்ஜஸ்ட்மென்ட் ஆகாது. எஞ்சினை இரண்டு முழுச் சுற்று சுற்றி, மீண்டும் அதே உச்சிக்குக் கொண்டுவந்து இன்னொரு முறை உருட்ட வேண்டும். ஓரிடத்தில் மட்டும் தடுக்கி உருண்டால் புஷ்ராடு வளைந்திருக்கிறது.

புது ஹெட் பேக்கிங் போட்ட வண்டியைச் சில நூறு கிலோமீட்டர் ஓட்டியதும், ஆறிய எஞ்சினில் ஹெட் நட்டுகளை மறுபடி இறுக்க வேண்டும். சூட்டில் பேக்கிங் அமுங்கியிருக்கும். ஹெட் சிறிது இறங்கியிருக்கும். புஷ்ராடு அந்த அளவுக்கு நீளமாகிவிட்டதுபோல் இறுகியிருக்கும். இது எதிர்பார்த்ததுதான், தளர்த்தி வைத்தால் போதும். அடுத்த முறை பார்க்கும்போதும், அதற்கடுத்த முறையும் எக்ஸாஸ்ட் பக்கம் மட்டும் இறுகிக்கொண்டே வந்தால் அது பேக்கிங்கின் வேலை அல்ல. சீட் உள்ளே இறங்கிக்கொண்டிருக்கிறது. ஹெட்டைத் திரும்பவும் கழற்றத்தான் வேண்டும்.